நைனா கையில் இருந்த வலைக்கத்தி

அன்பு மகள் தேவிப்பிரியாவுக்கு உன் அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் நலம் என்று எழுதத்தான் கை தானாகப் போகிறது. ஆனால் பொய் சொல்லாதே என்று உனக்குச் சொல்வதற்காகவே எழுதுகிற கடிதத்தை ஒரு பொய்யோடு ஆரம்பிக்க மனசு வரவில்லை, அதனால் இங்கே நலம் பாதி கவலை முக்கால் என்று வைத்துக்கொள், கணக்கு இடித்தால் இடிக்கட்டும். நீ அங்கே மஸ்கட்டில் வேளைக்குச் சாப்பிட்டு, நைட் டியூட்டி முடிந்ததும் போனைத் தூரப் போட்டுவிட்டுத் தூங்கி, உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க நம்ம கங்கையம்மன் துணை இருக்கட்டும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். உன் நைனாவின் போன் போலீஸிடம் இருக்கிறது. என் போனை நான் கையில் எடுத்தாலே "யாரு, பாப்பாவா? குடு, நான் ஒரு வார்த்த பேசிக்கிறேன்" என்று கை நீட்ட வாசலில் எந்நேரமும் ஊர் ஆட்கள் இரண்டு பேராவது உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால்தான் இத்தனை நாளும் உன்னிடம் நைனா ஸ்டேஷனில் ஒரு கையெழுத்துப் போடப் போயிருக்கிறார், வந்துவிடுவார் என்று மழுப்பினேன். கோவளம் மேரி லீவு முடிந்து உங்கள் ஆஸ்பத்திரிக்கே திரும்புகிறாளாம், அவள் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். சோறு வைத்து நன்றாக ஒட்டியிருக்கிறேன், ஒட்டு பிரிந்திருந்தால் மேரியை ஒரு பார்வை பார்.

அன்று காலை நடந்ததை நீ போனில் பார்த்தாய், நான் பார்க்கவில்லை. நான் மாமல்லபுரம் மார்க்கெட்டில் என் சங்கரா மீனை நாலு நாள் பழசு என்று சொல்லிக்கொண்டிருந்த ஒருத்தியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். ஆகவே நான் எழுதுவதெல்லாம் மற்றவர்கள் சொல்லிக் கேட்டதுதான், தப்பு இருந்தால் நீயே திருத்திப் படித்துக்கொள். உன் நைனா படகு நிழலில் உட்கார்ந்து, கால் கட்டைவிரலில் நண்டு வலையை மாட்டிக்கொண்டு, போனை ஐஸ் பெட்டி மேல் சாய்த்து வைத்து வீடியோவில் உன்னோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறார், கையில் வலை அறுக்கிற கத்தி. ரிசார்ட்டில் தங்கியிருந்த ஒரு அம்மா ஈர மணலில் நடந்து போக, பைக்கில் வந்த இரண்டு பேர் அவள் கழுத்துச் சங்கிலியை அறுத்துவிட்டார்கள். நம்ம கரையைத் தெரிந்தவன் எவனாவது மணலில் பைக்கை இறக்குவானா, சக்கரம் புதைந்து வண்டி சாய்ந்துவிட்டது. ஓட்டியவன் சவுக்குத் தோப்புப் பக்கம் ஓடித் தப்பிவிட்டான், பின்னால் உட்கார்ந்திருந்தவன் சங்கிலியோடு படகுகளுக்கு நடுவே புகுந்தான். அங்கேதான் உன் நைனா எழுந்து நின்றிருக்கிறார். உட்கார்ந்தே இருந்திருக்கலாமே, யார் வீட்டுச் சங்கிலியோ எவன் வீட்டுத் திருடனோ என்று நான் இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்கிறேன், ஆனால் அந்த மனுஷன் அப்படி உட்கார்ந்திருந்தால் நானே ஏன் உட்கார்ந்தாய் என்று கேட்டிருப்பேன், அதுவும் உனக்குத் தெரியும். பக்கத்தில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த ஆதியம்மாள் அத்தை சொன்னது இது. "வழி வுடு பெருசு, கீசிடுவேன்னு கத்தியக் காட்னான்டீ பரிமளா, காட்னதோட வுட்டானா, கையில கீசியே வுட்டான், ரத்தம் கொட்டுது, ஒங்க வூட்டுக்காரரு இன்னா பண்ணுவாரு, கையில இருந்தத வச்சி தொடையில ஒரு குத்து குத்திட்டாரு." அவன் விழுந்தான். இதற்கு நடுவில் எப்போதோ போனிலிருந்து நீ "போதும் நைனா, போதும்" என்று கத்தியது கரை முழுக்கக் கேட்டதாம். அதோடு நீ விடவில்லை, துண்டை எடுத்து காயத்து மேல் வைத்து அழுத்திக் கட்டச் சொல்லிக் கத்தினாய், அவரும் தன் கையில் வழிகிற ரத்தத்தைப் பார்க்காமல் தலையில் இருந்த துண்டை அவிழ்த்து அவன் தொடையில் கட்டினார். அந்த நேரத்தில்தான் ஓடி வந்த கூட்டத்தில் யாரோ போனைப் பிடுங்கி அணைத்துவிட்டார்கள். உனக்குத் தெரிந்தது அதோடு முடிகிறது, என் கவலை அங்கேதான் ஆரம்பம்.

உடனே போலீஸுக்கு ஒரு போன், ஆம்புலன்ஸுக்கு ஒரு போன் போட்டிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலையில்லை, உன் நைனாவுக்கு இன்றைக்குப் பூமாலை போட்டிருப்பார்கள். ஆனால் நம்ம ஊர் வழக்கம் உனக்குத் தெரியாததா, கரையில் எது நடந்தாலும் ஊர்த் தலைவரான நாட்டார் வந்து ஊர் கூடாமல் ஒருத்தரும் ஸ்டேஷன் படி ஏறக்கூடாது. நாட்டார் லட்சுமணன் மாமாவோ அன்றைக்கென்று பழவேற்காட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். அவர் வரட்டும் என்று அந்தப் பையனை வலை காயப் போடுகிற கம்பத்தில் கயிற்றால் கட்டிவிட்டார்கள். போன் பண்ணினால் மாமா "வந்துகினே கீறேன், நான் வராம ஒண்ணும் செய்யாதீங்க" என்றாராம். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஊரே வெயிலில் காத்துக்கொண்டிருந்தது. நான் மார்க்கெட்டிலிருந்து வந்து பார்த்தபோது அவன் தலை தொங்கிக்கொண்டிருந்தது, துண்டு முழுக்கக் கருஞ்சிவப்பு. உன் தம்பி தீனா வயசுதான் இருக்கும். அவனை அவிழ்த்து விடுங்கள் என்று நான் போட்ட சத்தத்தில் தொண்டை கட்டிக்கொண்டதுதான் மிச்சம். "நீ பேசாத போ அண்ணி, திருடனுக்கு வக்காலத்தா" என்று என்னையே அடக்கினார்கள். உன் நைனா ஒரு ஓரமாக உட்கார்ந்து கையில் மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார், அவிழ்க்கவும் இல்லை, கட்டாதே என்று சொல்லவும் இல்லை. சங்கிலியைப் பறிகொடுத்த அந்த அம்மா அது கைக்கு வந்ததும் எல்லாரையும் கும்பிட்டாளாம், "எனக்குக் கேஸெல்லாம் வேணாம்ண்ணா, ஊருக்குப் போகணும்" என்று சொல்லி ரிசார்ட் காரில் ஏறிப் போய்விட்டாள். பெயர்கூட யாரும் கேட்கவில்லை. மாமா வந்து சேர்ந்தது பொழுது சாய்ந்த பிறகு, அதற்குள் பையனுக்கு நினைவு தப்பிவிட்டது, அப்புறம்தான் எல்லாருக்கும் பயம் வந்து ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினார்கள்.

இப்போது அவன் செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறான். உயிர் பிழைத்துவிட்டான், ஆனால் காலில் சீழ் வைத்து, கால் நிற்குமா போகுமா என்று இன்னும் சொல்லவில்லை. துண்டை வைத்து அழுத்திக் கட்டியவர் யாரோ அவர் கட்டாமல் விட்டிருந்தால் ஆளே வந்து சேர்ந்திருக்க மாட்டான் என்று டாக்டர் சொன்னாராம், அது நீ சொல்லி நடந்தது, உனக்குப் புண்ணியம். டாக்டர் எப்படிக் காயம் என்று கேட்டதற்குக் கூடப் போனவர்கள் ஒரே குரலில் "ஓடி வந்து போட் இன்ஜின் ஃபேன் மேல வுழுந்துட்டான் சார்" என்று சொல்லியிருக்கிறார்கள். நினைவு வந்ததும் அவன் போலீஸிடம் வேறு கதை சொன்னான். கடல் பார்க்க வந்தேன், ஒரு பெரியவர் கத்தியால் குத்தினார், கட்டிப் போட்டார்கள் என்று. சங்கிலி அறுத்தான் என்று சொல்ல இன்றுவரை புகார் கொடுத்தவர் யாரும் இல்லை, அவன் கையில் இருந்த கத்தியும் இல்லை, உன் நைனாவின் கத்தியும் இல்லை. ஊருக்கு நல்லது செய்வதாக நினைத்து இரண்டையும் கடலில் வீசிவிட்டார்கள் புத்திசாலிகள், அதுவே தனிக் குற்றமாம். ஆக, கத்தியும் இல்லை, திருட்டும் இல்லை, குத்து வாங்கியவன் மட்டும் கட்டிலில் கிடக்கிறான், குத்தியவர் என்று உன் நைனாவைச் செங்கல்பட்டு சப்-ஜெயிலில் வைத்திருக்கிறார்கள். கையெழுத்துப் போடப் போகவில்லை பாப்பா, ரிமாண்ட். இதை எழுதிவிட்டு நான் கொஞ்ச நேரம் எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு வந்துதான் மறுபடி எழுதுகிறேன்.

வக்கீல் பெயர் சாருலதா, செங்கல்பட்டு கோர்ட்டில் இருக்கிறார், உன்னைவிட நாலு வயது கூட இருக்கும், ஆனால் கேட்கிற கேள்வி எல்லாம் மாமியார் கேட்கிற மாதிரி. மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ் ஏறி நான் தனியாகத்தான் போனேன். சட்டத்தின் பெயரும் நம்பரும் புதுசாக மாறியிருந்தாலும் விஷயம் பழையதுதான் என்று சொல்லிவிட்டு எனக்குப் புரிகிற மாதிரி எடுத்துச் சொன்னார். ஒருவன் கத்தியை நீட்டி வந்தால் தன் உயிரையும் அடுத்தவர் உயிரையும் காப்பாற்றிக்கொள்ள யாருக்கும் உரிமை இருக்கிறது, கையில் கத்தி இருந்தால் அதை வைத்தும் தடுக்கலாம், ஆனால் அந்த ஆபத்து இருக்கிற வரைக்கும்தான், தடுக்க எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான். அவன் கத்தி கீழே விழுந்து, அவனும் விழுந்துவிட்டால் அந்த நொடியோடு நம்ம உரிமை முடிந்து பொறுப்பு ஆரம்பிக்கிறது. போலீஸ் இல்லாதவர்களும் கண்ணெதிரே இப்படிப்பட்ட குற்றம் செய்கிறவனைப் பிடிக்கலாமாம், அதுவும் சட்டத்தில் இருக்கிறது, ஆனால் பிடித்ததும் தாமதிக்காமல் போலீஸில் ஒப்படைக்க வேண்டும். காயம் பட்டிருந்தால் முதலில் ஆஸ்பத்திரி. நாட்டாருக்காகக் காத்திருந்தோம் என்பதெல்லாம் அங்கே எடுபடாது, அந்தப் பகல் முழுக்க அவனைக் கட்டி வைத்ததற்கு யார் யார் கயிற்றில் கை வைத்தார்களோ அத்தனை பேரும் பதில் சொல்ல வேண்டும். நான் ஃபேன் கதையைச் சொன்னதும் சாருலதா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அம்மா, குத்தவே இல்லைன்னு முதல்ல சொல்லிட்டு, அப்புறம் உயிரைக் காப்பாத்திக்கத்தான் குத்தினேன்னு சொன்னா எந்த கோர்ட்ல நம்புவாங்க? உங்க வீட்டுக்காரரைக் காப்பாத்தக்கூடிய ஒரே விஷயத்தை உங்க ஊரே சேர்ந்து மூடி வைக்குது" என்றார். உன் நைனா கையில் இருக்கும் வெட்டுக் காயம்தான் பெரிய சாட்சியாம், அதற்கும் ஊர் வலைக் கம்பி கிழித்தது என்று சொல்லி வைத்திருக்கிறது. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள், இவர்கள் கெட்டிக்காரர்களும் இல்லை.

லட்சுமணன் மாமாவிடம் இதை எல்லாம் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை, உன் படிப்புக்கு ஓடி அலைந்தவர், ஆனால் பயந்திருக்கிறார். "ஒருத்தன் போயி ஒண்டியா உண்மைய சொன்னா ஊருல பாதி ஆம்பளைங்க உள்ள போவணும் பரிமளா, ஊரோட ஒத்து வாழக் கத்துக்க" என்றார். ஊர்ச் சொல்லை மீறினால் நம்ம படகைத் தள்ள ஒரு தோள் வராது என்பதையும் மெதுவாகக் காதில் போட்டுவிட்டுப் போனார். நான் இரவெல்லாம் யோசித்துப் பார்க்கிறேன், இவர்கள் உன் நைனாவைக் காப்பாற்றப் பார்க்கிறார்களா, கயிறு கட்டிய கைகளைக் காப்பாற்றப் பார்க்கிறார்களா. இரண்டும் கலந்துதான் இருக்கும். உனக்கும் போன் வரும். நைனா கையில் கத்தியே இல்லை, அவன் தானாக விழுந்தான், அதைத்தான் பார்த்தேன் என்று சொல்லச் சொல்வார்கள். மாமா குரலைக் கேட்டதும் இளகிவிடாதே.

இதற்கு நடுவில் உன் தம்பி இருக்கிறானே, அவன் எனக்கு இன்னொரு தலைவலி. தீனாவும் அவன் கூட்டாளிகளும் நைனா போட்டோவைப் போட்டுக் குப்பத்துச் சிங்கம் என்று வீடியோ செய்து விட்டிருக்கிறார்கள், சிங்கம் அங்கே சப்-ஜெயிலில் கொசுக்கடியில் தூங்காமல் கிடக்கிறது. அதோடு விட்டானா, இனிமேல் ஒரு திருடன் கரையில் கால் வைக்கக்கூடாது என்று ஐந்தாறு பேர் இடுப்பில் கத்தி சொருகிக்கொண்டு ரோந்து சுற்றுகிறார்கள். போன வாரம் நெம்மேலி பக்கம் பஸ்ஸுக்கு நின்றிருந்த யாரோ ஒருவனை மடக்கி நீ யார் எந்த ஊர் என்று கேட்டிருக்கிறார்கள், அவன் கட்டட வேலைக்கு வந்தவன், பயத்தில் அழுதுவிட்டானாம். சாருலதா சொன்னார், உங்க வீட்டுக்காரர் கத்தி வலைக்காகக் கையில் இருந்த கத்தி, திருடனைத் தேடி இடுப்பில் சொருகிய கத்தி வேறு, அதற்குக் கோர்ட்டில் வேறு பெயர் என்று. தீனாவின் கத்தியை எடுத்து அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்திருக்கிறேன், எங்கே என்று கேட்டுக்கொண்டு என்னையே முறைத்துத் திரிகிறான். நான் சொன்னால் கிழவி உளறல், நீ சொன்னால்தான் கேட்பான். அவனுக்குத் தனியாகப் போன் பண்ணித் திட்டு, கொஞ்சம் அழுதால்கூடத் தப்பில்லை. வேறு செய்தி என்ன இருக்கிறது, கெளங்கான் மீன் வலையில் நன்றாகப் படுகிறது, நம்ம படகு தவிர எல்லாப் படகுக்கும். நீ அனுப்பிய முட்டிவலித் தைலம் தீர்ந்துவிட்டது, இப்போது அனுப்பாதே, தைலம் தேய்க்கிற நேரமா இது.

நான் ஒரு நாள் யாருக்கும் சொல்லாமல் அந்தப் பையன் இருக்கிற ஆஸ்பத்திரிக்கும் போனேன். ஏன் போனேன் என்று கேட்காதே, கால் தானாக இழுத்துக்கொண்டு போனது. வார்டு வாசலில் அவனுடைய அம்மா உட்கார்ந்திருந்தாள், அச்சரப்பாக்கம் பக்கமாம், நாற்று நடப் போகிறவளாம். நான் யார் என்று அவளுக்குத் தெரியாது. எனக்கும் உள்ளே யாரோ சொந்தம் படுத்திருப்பதாக நினைத்து, "யக்கா, இந்தப் பையக் கொஞ்சம் பாத்துக்கறியா, டீ வாங்கியாறேன்" என்று கொடுத்துவிட்டுப் போனாள். அவள் வருகிற வரைக்கும் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வந்ததும் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறிவிட்டேன். சங்கிலி அறுத்தவனைப் பெற்றவள் மேல் எனக்குக் கோபம் வரும் என்று நினைத்துப் போனேன், வரவில்லை, அதுதான் எனக்கே ஆச்சரியம்.

இனி கேட்க வேண்டியதற்கு வருகிறேன். அங்கே சுற்றி இங்கே சுற்றி இத்தனை பக்கம் எழுதியதே இதைத் தள்ளிப் போடத்தான். அன்றைக்கு முழுசாகப் பார்த்தது நீ ஒருத்திதான். ஆதியம்மாள் அத்தை ஒரு நாள் அவன் கத்தியை வீசிக்கொண்டிருக்கும்போதே குத்தினார் என்கிறாள், மறு நாள் நான் கருவாட்டைத் திருப்பிக்கொண்டிருந்தேன், சரியாகப் பார்க்கவில்லை என்கிறாள். சாருலதா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "உங்க பொண்ணு போதும்னு கத்தினது அவர் குத்தறதுக்கு முன்னாடியா பின்னாடியா? அப்ப அந்தப் பையன் கையில கத்தி இருந்துதா, கீழ விழுந்திருந்துதா?" எனக்குப் பதில் தெரியவில்லை பாப்பா. பதில் தெரியாததை விட, தெரிந்துகொள்ளப் பயமாக இருக்கிறது. அவன் கத்தி விழுந்ததற்கும் இவர் குத்தியதற்கும் நடுவில் ஒரு நொடிதான் இருந்திருக்கும், குத்து அந்த நொடிக்கு முன்னால் இருந்தால் அவர் வீட்டுக்கு வருவார், பின்னால் இருந்தால் எத்தனை வருஷமோ. அதை உன்னிடம் நான் கேட்க மாட்டேன், நீயும் எனக்குச் சொல்லாதே. மேரி போனில் வக்கீலுடைய நம்பர் இருக்கிறது, அவரிடம் சொல், அங்கிருந்தே வீடியோவில் கோர்ட்டுக்குச் சாட்சி சொல்ல வழி இருக்கிறதாம். அவன் நைனா கையைக் கீறியது, நைனா குத்தியது, துண்டு கட்டியது எல்லாவற்றையும் சொல். நமக்குச் சாதகமானதை மட்டும் பொறுக்கி எடுத்துச் சொல்லாதே, மீன் கூடையில் நல்லதை மேலே அடுக்குவதெல்லாம் மார்க்கெட்டோடு போகட்டும். ஊர் பேசாவிட்டால் பேசாமல் போகட்டும், படகைத் தள்ள நானும் தீனாவும் இருக்கிறோம், என் முட்டி வலித்தால் வலிக்கட்டும். நீ என்ன சொன்னாலும் அவர் என் புருஷன்தான், நீ என் மகள்தான், இந்த வீட்டில் உன்னை ஒரு வார்த்தை யாரும் கேட்க நான் விடமாட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, வெறும் டீயைக் குடித்துவிட்டு டியூட்டிக்கு ஓடாதே, தீனாவுக்குப் போன் பண்ண மறக்காதே. உன் கையால் பிழைக்கிற உயிர்களின் வாழ்த்தெல்லாம் உனக்கே வந்து சேரட்டும், எந்தக் குறையும் இல்லாமல் நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். கடைசியாக ஒன்று. போன செவ்வாய்க்கிழமை சப்-ஜெயிலில் உன் நைனாவைப் பார்த்தேன். மெலிந்துவிட்டார், கைக்காயம் ஆறிவிட்டது. ஊர் சொல்வதைச் சொல்லப் போகிறீர்களா, நடந்ததைச் சொல்லப் போகிறீர்களா என்று கேட்டேன். கையில் இருந்த தழும்பை ஒருமுறை தடவிப் பார்த்தார். அப்புறம் "பாப்பா பாத்துகினு இருந்துச்சி, அது இன்னா சொல்லுதோ அதான், நானும் அதயே சொல்லிக்கிறேன்" என்றார். எழுந்து வரும்போது மறுபடி கூப்பிட்டு, உன்னிடம் சொல்லச் சொல்லி இன்னொன்றும் சொன்னார். "பாப்பா போதும்னு கத்துச்சே, அது எனக்குக் காதுல வுழுந்துச்சின்னு சொல்லு." எப்போது விழுந்தது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இப்படிக்கு,
உன் போனுக்காக அல்ல, நீ வக்கீலுக்குச் செய்யப் போகும் போனுக்காகக் காத்திருக்கும் அம்மா,
பரிமளா இருசப்பன்